“பிடுங்கிப் போட்ருங்கம்மா!”

பல் டாக்டரின் நாற்காலிக்கு வந்து சேரும் முன்பே தோற்றுப்போகும் பற்கள்: சங்கரன்கோவிலிலிருந்து ஒரு பார்வை

இரவு ஏழரை மணி. சங்கரன்கோவிலில் ஒரு பல் மருத்துவமனை. காத்திருக்கும் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். புடவை முந்தானையை நாலாக மடித்து வலது கன்னத்தில் அழுத்திப் பிடித்திருக்கிறார். விசைத்தறிக் கூடத்திலிருந்து நேராக வந்திருக்கிறார் என்பது தலைமுடியில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசியிலேயே தெரிகிறது. உள்ளே பல்லைக் குடையும் மெஷின் சத்தம் கிளம்பும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கும் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார். மகளுக்குப் பத்து வயது இருக்கும். அம்மாவின் முகத்தையும் மூடிய கதவையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போனவர், நாற்காலியில் சாயாமலே பேச ஆரம்பிக்கிறார்.

“என்னமும் செஞ்சு இத இப்பவே பிடுங்கிப் போட்ருங்கம்மா. ராத்திரி கண்ண மூட விட மாட்டேங்குது.”

டாக்டர் விளக்கைத் திருப்பிப் பார்க்கிறார். கீழ்வரிசைக் கடைவாய்ப் பல். சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டது. ஆனால் வேர் உறுதியாக இருக்கிறது. காப்பாற்றக்கூடிய பல்தான். மூன்று தடவை வந்தால் வேர் சிகிச்சை செய்து கேப் போட்டுவிடலாம் என்கிறார்.

“மூணு தடவையா? தறிய விட்டுட்டு நான் எப்படிம்மா வர்றது?”

தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூர் பல் மருத்துவரைக் கேட்டாலும் இந்த உரையாடல் அவருக்கு மனப்பாடமாக இருக்கும். பல் மருத்துவம் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. மரத்துப்போகும் ஊசி இருக்கிறது, எக்ஸ்ரே இருக்கிறது, வேர் சிகிச்சை இருக்கிறது. ஆனாலும் நல்ல பற்கள் தினமும் குப்பைத் தொட்டிக்குப் போகின்றன. அந்தப் பெண்ணின் பல்லைச் சொத்தை மட்டும் அரிக்கவில்லை. பயம், கூலி, வெட்கம், வீட்டில் யார் கையில் காசு இருக்கிறது என்கிற நிலைமை எல்லாம் சேர்ந்துதான் அரித்திருக்கின்றன. இவற்றை விசாரிக்காமல் வாயைத் திறக்கச் சொல்லும் சிகிச்சை பாதிச் சிகிச்சைதான்.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட வாய்நல அறிக்கை, உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேருக்கு ஏதாவது ஒரு வாய்நோய் இருப்பதாகச் சொன்னது. அவர்களில் நான்கில் மூன்று பேர் நம்மைப் போன்ற நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள்.

வலியைப் பெருக்கும் பயம்

பல் டாக்டரிடம் போகப் பயப்படுவதைக் கோழைத்தனம் என்று பேசுகிறோம். பிரசவ வலியைத் தாங்கியவர், பாம்பு நடமாடும் வயலில் ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகிறவர், தறிக்கூடத்தின் காதைப் பிளக்கும் சத்தத்தில் நாள் முழுக்க நிற்பவர் எல்லாம் பல் நாற்காலியில் நடுங்குகிறார்கள். இவர்களில் யாரைக் கோழை என்று சொல்ல முடியும்?

அந்த நாற்காலியில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். மல்லாக்கச் சாய்க்கிறார்கள். முகத்தில் விளக்கு. என்ன கருவி வருகிறது என்று பார்க்க முடியாது. வாய்க்குள் கை இருப்பதால் ‘நிறுத்துங்க’ என்று சொல்லவும் முடியாது. எதுவுமே தன் கட்டுப்பாட்டில் இல்லை. வலி வரப்போகிறது என்று காத்திருக்கும் அந்த நிமிடங்களில் உடம்பு முழுக்க இறுகிவிடுகிறது. பதற்றம் கூடினால் சாதாரணமாக உணரக்கூடிய அழுத்தமே வலியாகத் தெரியும்.

இதோடு முடியவில்லை. பயந்து பயந்து தள்ளிப்போட்டு, சீழ் வைத்த பிறகு வருகிறவருக்கு மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாது. அழற்சி உள்ள திசுவில் அமிலத்தன்மை கூடியிருக்கும். அந்த அமிலத்தன்மையில் மருந்து நரம்புக்குள் நுழையச் சிரமப்படும். அதனால் வழக்கமான அளவு ஊசி போட்டும் வலிக்கும். “எனக்கு ஊசி ஏறவே மாட்டேங்கு” என்று நோயாளி சொல்வது நிஜம். அதைக் கேட்டு, ‘சும்மா பயப்படுறீங்க’ என்று டாக்டர் சொன்னால் அவர் தன் நோயாளியை அன்றோடு இழந்துவிட்டார். அந்த அனுபவத்தை நோயாளி வீட்டில் சொல்வார், தெருவில் சொல்வார். கேட்டவர்கள் தங்கள் பல்லைத் தள்ளிப்போடுவார்கள். அவர்களும் சீழ் வைத்த பிறகு வருவார்கள். அவர்களுக்கும் வலிக்கும்.

ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் பல் பயத்தை ஆராய்ந்த உல்ஃப் பெர்கிரென் 1984-லேயே இந்தச் சுழலை எழுதினார்: பயத்தால் தவிர்க்கிறார்கள், தவிர்ப்பதால் பல் கெடுகிறது, கெட்ட பல்லால் வெட்கம், வெட்கத்தால் இன்னும் தவிர்ப்பு. ஸ்வீடனுக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவே வித்தியாசம் ஒன்றுதான். அங்கே சிகிச்சைச் செலவில் அரசு பங்கு எடுத்துக்கொள்கிறது. இங்கே பெரும்பாலான உடல்நலக் காப்பீட்டு பாலிசிகள், விபத்தில் பல் அடிபட்டால் ஒழிய, பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை.

■ பெட்டிச் செய்தி: ஐந்தே கேள்விகளில் பயத்தை அளக்கலாம்

பல் பயத்தை அளக்க, அமெரிக்காவின் நார்மன் கோரா 1969-ல் நான்கு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். ஊசிப் பயத்தை அது கேட்கவே இல்லை என்பதால் பிரிட்டனின் ஜெர்ரி ஹம்ஃப்ரிஸ் 1995-ல் ஐந்தாவது கேள்வியைச் சேர்த்தார். அதன் தமிழ் வடிவம் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, நம்பகமானது என்று 2012-ல் ஆய்விதழில் வெளியானது.

கேள்விகளின் சாரம் இது: நாளைக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? காத்திருக்கும் அறையில்? பல்லைக் குடையப் போகும்போது? பல்லைச் சுத்தம் செய்யப் போகும்போது? ஈறில் ஊசி போடப் போகும்போது?

ஒவ்வொன்றுக்கும் ‘பதற்றமே இல்லை’ என்றால் 1, ‘தாங்க முடியாத பதற்றம்’ என்றால் 5. மொத்தம் 19 அல்லது அதற்கு மேல் வந்தால் அது கடுமையான பயம்.

பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் சீதனம்

பயம் பிறவியிலேயே வருவதில்லை. “சாப்பிடலைன்னா டாக்டர்ட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்” என்று நம் வீடுகளில் மிரட்டாதவர்கள் குறைவு. அப்படி மிரட்டி வளர்த்த பிள்ளையைப் பல் வலிக்கும் அன்று அதே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகிறோம். பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு அலறுகிறது. நாலு பேர் கையையும் காலையும் பிடிக்கிறார்கள். பல் வெளியே வந்துவிடும். அந்த அலறல் மட்டும் முப்பது வருஷம் உள்ளேயே இருக்கும்.

பிள்ளைகளுக்கான பல் மருத்துவத்தில் இதற்கு மாற்று வழி எப்போதோ வந்துவிட்டது. அமெரிக்காவின் அடில்ஸ்டன் 1959-ல் விவரித்த முறை அது. முதலில் குழந்தைக்குப் புரியும் பேச்சில் சொல்வது, அடுத்து கருவியைக் காட்டி விரல் நகத்தில் ஓட்டிப் பார்க்க விடுவது, பிறகுதான் வாயில் செய்வது. ஒரு குழந்தைக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் பிடிக்கும். வாசலில் இருபது பேர் காத்திருக்கும்போது அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்குவது லேசில்லை என்பது உண்மை. ஆனால் அதை ஒதுக்குகிற டாக்டர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் பிள்ளைகள் கையசைத்துவிட்டுப் போவதை எவரும் பார்க்கலாம்.

பால்பல் விஷயத்தில் நாம் செய்யும் தவறு இன்னும் பெரியது. “விழுந்து முளைக்கப்போற பல்லுதானே” என்று விட்டுவிடுகிறோம். பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. சீக்கிரமே போனால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, முளைக்க வேண்டிய பல்லுக்கு இடமில்லாமல் போகும். அதுவரை அந்தப் பிள்ளை ஒரு பக்கமாகவே மென்று, ராத்திரி தூங்காமல், வகுப்பில் கவனமில்லாமல் உட்கார்ந்திருக்கும். ‘படிக்க மாட்டேங்கிறான்’ என்று அடி வாங்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பல் வலியோ! பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பரிசோதிக்க ‘புன்னகை’ என்ற திட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவந்தது நல்ல காரியம். பரிசோதித்துச் சீட்டு எழுதிக் கொடுப்பதோடு நிற்காமல், அந்தச் சீட்டோடு பிள்ளை எங்கே போனது என்றும் பார்க்க வேண்டும்.

தறி நின்றால் கூலி இல்லை

சங்கரன்கோவில் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கோமதியம்மனும் ஆடித்தபசும் நினைவுக்கு வரும். ஊரின் அன்றாடச் சோறு விசைத்தறியிலிருந்து வருகிறது. நெய்த அளவுக்குத்தான் கூலி. கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடப்பது இந்த ஊருக்குப் பழக்கமான செய்தி. தென்காசி மாவட்டத்தின் கிராமங்களில் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. இந்த இரண்டு தொழிலிலும் சம்பளத்தோடு விடுப்பு என்ற பேச்சே கிடையாது.

இவர்களிடம் ‘மூன்று தடவை வாருங்கள்’ என்பதற்கு என்ன அர்த்தம்? வேர் சிகிச்சைக் கட்டணமும் கேப் செலவும் சேர்ந்து பல ஆயிரம் ரூபாய் ஆகும். கூடவே அந்த நாட்களின் கூலியும் போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். அரசு மருத்துவமனையில் காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் புறநோயாளிகள் பிரிவு இயங்குவது காலையில், தறி ஓடும் நேரத்தில். பெரிய சிகிச்சை என்றால் திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அதற்கு ஒரு நாள் முழுசாகப் போய்விடும். பிடுங்குவதற்கு ஒரே நாள் போதும். பிடுங்கச் சொல்பவர் தன் கையிலிருக்கும் காசையும் நேரத்தையும் வைத்துச் சரியாகத்தான் கணக்குப் போடுகிறார்.

அதற்கு முன்பே மருந்துக்கடை இருக்கிறது. “பல்லு வலிக்கு மாத்திரை குடுங்க” என்றால் இரண்டு வேளைக்கு ஆறு மாத்திரை பொட்டலமாக வரும். ஒரு வலி நிவாரணி, ஒரு ஆன்டிபயாடிக், ஒரு வயிற்று மாத்திரை. வலி அடங்கும். தறிக்குப் போகலாம். பல்லுக்குள் சொத்தை தன் பாட்டில் இறங்கிக்கொண்டிருக்கும். இப்படி மாதக்கணக்கில் வலி மாத்திரை விழுங்குவது சிறுநீரகத்தைத் தொடும். அரைகுறையாகச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக், நாளைக்கு உயிர் போகிற தொற்று வரும்போது வேலை செய்யாமல் கைவிரிக்கும்.

கையில் அகப்பட்டதை வைப்பவர்களும் உண்டு. கிராம்பு வைத்தால் கொஞ்சம் கேட்கும். அதிலுள்ள யூஜினால் என்ற பொருள் வலியை மட்டுப்படுத்தக்கூடியது, பல் மருத்துவர்களே அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் புகையிலையைக் கிள்ளிச் சொத்தைக் குழிக்குள் வைக்கும் பழக்கம் பயங்கரமானது. பல்வலிக்கு என்று வைத்து, வலி போன பிறகும் விட முடியாமல் போன பெண்கள் நம் கிராமங்களில் எத்தனையோ பேர்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தைரியமாக வேர் சிகிச்சையை ஆரம்பிப்பவர்களில் பலர் முதல் தடவையோடு நின்றுவிடுகிறார்கள். நரம்பை எடுத்ததும் வலி போய்விடுகிறது. வலி போன பிறகு எதற்கு இன்னொரு நாள் கூலியை விட வேண்டும்? தற்காலிகமாக அடைத்த சிமென்ட் சில வாரங்களில் பெயர்ந்து, பல் உடைந்து, மறுபடி சீழ் வைக்கும். ‘அந்த டாக்டருக்குக் கைராசி இல்ல’ என்று பேச்சு வரும். முதல் நாளே, “இன்னிக்கு வலி போயிரும். ஆனா வேலை முடியல. அடுத்த வாரம் வராம விட்டா இந்தப் பல்லு உடைஞ்சிரும்” என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருந்தால், ராத்திரி எட்டு மணிக்கு மேல் நேரம் கொடுத்திருந்தால், கட்டணத்தைத் தவணையாகப் பிரித்திருந்தால் அந்தப் பல் தப்பியிருக்கும்.

பிடுங்குவதோடு விஷயம் முடிந்ததா? ஒரு கடைவாய்ப் பல் போனால் எதிர்ப் பல் இறங்கும், பக்கத்துப் பல் சாயும், மெல்லுவது ஒரு பக்கத்துக்கு மாறும். அந்தப் பக்கம் தேயும். அடுத்த பல்லுக்கு வலி வரும். மறுபடியும் ‘பிடுங்கிப் போட்ருங்க.’ ஐம்பது வயதில் வாய் காலியாகிவிடும். சீழ் வைத்ததை அப்படியே விட்டவர்களுக்கு அதைவிட மோசம் நேரலாம். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் தாடைக்கு அடியில் இறங்கிக் கழுத்துக்குப் பரவினால் மூச்சுக்குழல் அடைபடும். ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836-ல் விவரித்த, அவர் பெயராலேயே இன்றும் அழைக்கப்படும் நோய் அது. சொத்தைப் பல்லால் உயிர் போகும் என்று சொன்னால் நம்பாதவர்கள், எந்தப் பெரிய அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

■ பெட்டிச் செய்தி: ஊரில் சொல்வதும் உண்மையும்

“மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்.” போகாது. மேல் பல்லின் நரம்பும் பார்வை நரம்பும் வேறு வேறு. சீழ் வைத்த மேல் பல்லைச் சிகிச்சை இல்லாமல் விடுவதுதான் ஆபத்து, அந்தத் தொற்று கண் பக்கம் ஏறலாம்.

“பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டம் கண்டுவிடும்.” ஈறு நோயால் ஏற்கனவே ஆடிக்கொண்டிருக்கும் பல்லைக் காறை பிடித்து நிறுத்தியிருக்கும். காறையை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது.

“பல்லுக்குள் பூச்சி இருக்கிறது.” கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்து ‘புழு’ எடுத்துக் காட்டுவது இன்றும் நடக்கிறது. சொத்தையை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவும் நாம் தின்னும் சர்க்கரையும். பல்லுக்குள் புழு கிடையாது.

“கர்ப்பிணி பல் டாக்டரிடம் போகக் கூடாது.” போகலாம். டாக்டரிடம் கர்ப்பம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாலாவது மாதம் முதல் ஆறாவது மாதம் வரை சிகிச்சைக்கு மிகவும் ஏற்ற காலம். பல் தொற்றை அப்படியே விடுவது தாய்க்கும் நல்லதில்லை.

“வீங்கிய கன்னத்துக்குச் சூடு ஒத்தடம்.” வேண்டாம். வீக்கம் பரவலாம். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

கையால் மூடிக்கொள்ளும் சிரிப்பு

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் வழியில் மானூர். அந்த ஒன்றியத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்றும் ஊர்மக்களுக்குப் பல்லில் கறை இருக்கிறது என்றும் 2012-ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 1.5. அதற்கு மேல் போன தண்ணீரை எட்டு வயதுக்குள் குடித்து வளர்ந்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமலிலேயே கறை ஏறிவிடும். முளைக்கும்போதே வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடுமாக வரும்.

இந்தக் கறை எந்தப் பேஸ்ட்டுக்கும் போகாது. ஆனால் இதைச் சுமக்கும் பிள்ளைகள் கேட்கும் பேச்சு என்ன? “பல்லு வெளக்க மாட்டியா?” அரிசி மாதிரி இத்துனூண்டு பல்லில் இருக்கும் கறைக்காக வகுப்பில் எழுந்து பதில் சொல்லத் தயங்குகிறார்கள். கல்யாண ஆல்பத்தில் உதட்டை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். செங்கல் பொடியும் உப்பும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து எனாமலையும் இழக்கிறார்கள். தண்ணீர் செய்த குற்றத்துக்குப் பிள்ளைகள் தண்டனை அனுபவிக்கிறார்கள். இதைவிட அநியாயம் எனக்குத் தெரியவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளோரைடு கொடுமைக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. மற்ற ஊர்களில், வீட்டுக் குழாயில் வருவது ஆற்று நீரா, ஆழ்குழாய் நீரா, அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று கேட்பது பெற்றவர்களின் உரிமை.

பெண் பார்க்க வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, எத்துப்பல்லுக்குக் கம்பி போட முடியுமா என்று அவசரமாக ஓடிவரும் குடும்பங்கள் உண்டு. கம்பி சிகிச்சைக்கு ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் பிடிக்கும். பதினெட்டு வயதில் ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாராகும் பையன்களுக்கும் இதே அவசரம்; மருத்துவப் பரிசோதனையில் பல்லுக்குக் குறைந்தது 14 புள்ளிகள் வேண்டும். பன்னிரண்டு வயதில் பார்த்திருந்தால் நிதானமாகச் சரிசெய்திருக்கலாம்.

பெரியவர்களின் கதை வேறு. “இனி எனக்கு எதுக்குப் பல்லு?” என்பார்கள். உண்மையில் அது ‘எனக்காக இவ்வளவு செலவா’ என்ற கேள்வி. பல் செட்டுக்கு மகனிடமோ மருமகளிடமோ காசு கேட்க வாய் வராது. வெற்றிலையைக் கையடக்க இரும்பு உரலில் போட்டு நங்நங்கென்று இடித்து, பொடித்ததை அள்ளி வாயில் அதக்கும் பாட்டிகளை இந்தப் பக்கத்துத் திண்ணைகளில் இன்றும் பார்க்கலாம். கடலை, முறுக்கு, கறி, பழம் எல்லாம் ஒவ்வொன்றாக அவர்கள் தட்டிலிருந்து போய், கஞ்சியும் இட்லியும் மிஞ்சுகின்றன. சத்துக் குறைகிறது. பேச்சு குழறுகிறது என்று கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்துகிறார்கள். சர்க்கரை நோய் இருந்தால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது சிரமம். மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்கும் இடத்தில் ஒருவர் வாயையும் திறந்து பார்த்தால் எவ்வளவோ நல்லது.

நம்பிக்கை உடைந்தால்

எல்லாப் பயமும் அறியாமை இல்லை. திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களுக்கு 2022-23 காலத்தில் மூளைத் தொற்று வந்து 8 பேர் இறந்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் உள்ளிட்டோர் நடத்தி 2025-ல் வெளியான ஆய்வு அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. சலைன் பாட்டிலைச் சுத்திகரிக்காத கருவியால் திறந்து, மிச்சத்தை வைத்திருந்து அடுத்தவர்களுக்கும் பயன்படுத்தியதே காரணம் என்று அந்த ஆய்வு சுட்டியது. பல்லுக்குச் சிகிச்சை செய்யப் போய் உயிரை இழந்தார்கள்.

இந்தச் செய்தியைப் படித்தவர், “கருவியெல்லாம் ஆட்டோகிளேவில் போட்டீங்களா? ஊசி புதுசா?” என்று கேட்டால் டாக்டர் கோபப்படக் கூடாது. சுத்திகரித்து மூடிய கருவிப் பையைக் கண்ணெதிரே பிரித்துக் காட்ட வேண்டும். அந்த ஒரு செய்கை பத்து விளம்பரப் பலகையை விட அதிக நம்பிக்கை தரும்.

டாக்டர்கள் பக்கமும் நியாயம் உண்டு. இந்தியாவில் 300-க்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள். படித்து வருகிறவர்களுக்கு அரசு வேலை சொற்பம். கடன் வாங்கி நாற்காலி, எக்ஸ்ரே மெஷின் போட்டு உட்காரும் இளைஞர்களுக்கு மாதத் தவணை கழுத்தைப் பிடிக்கிறது. நோயாளியோடு கால் மணி நேரம் பேசினால் அதற்கு யாரும் காசு தருவதில்லை. பல்லைத் தொட்டால்தான் வருமானம். இந்த நிலைமையை மாற்றாமல் ‘அன்பாகப் பேசுங்கள்’ என்று அறிவுரை மட்டும் சொல்வது பலன் தராது. ஒன்றியத்துக்கு ஒரு பல் மருத்துவரையாவது மாலை நேரப் பணியில் அரசு நியமித்தால் இரண்டு பக்கத்துக் கஷ்டமும் குறையும்.

மாமியார் முன்னால் கேட்காதீர்கள்

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இந்தியாவில் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 1.4 லட்சம் பேருக்குப் புதிதாக உதடு, வாய்ப் புற்றுநோய் வருவதாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022-ம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. பெரும்பாலானவர்கள் முற்றிய பிறகே வருகிறார்கள். வாய்க்குள் இருக்கும் புண்ணைக் கண்ணாடியில் பார்க்கலாம், நாக்கால் தொட்டுப் பார்க்கலாம். அப்படியிருந்தும் ஏன் தாமதம்? அந்த நோயின் பெயரைக் கேட்கவே பயம். புகையிலை போடுவது வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்கிற பயம் இன்னொன்று.

குட்கா, பான் மசாலாவுக்குத் தமிழ்நாட்டில் 2013-ல் தடை வந்தது. ஆனால் ‘கூல் லிப்’ என்ற சின்னப் புகையிலைப் பொட்டலம் பள்ளிப் பையன்களின் உதட்டுக்குள் போய்விட்டது. அதை ஏன் பாதுகாப்பற்ற உணவுப்பொருள் என்று நாடு முழுக்க அறிவிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024-ல் கேட்டது. பாக்கு மட்டும் போட்டாலும் ஆபத்துதான். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று அந்தப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்திவிட்டது. நாளடைவில் கன்னத்தின் உட்புறம் நார் போல இறுகி, வாய் திறப்பதே குறையும். நடுவில் உள்ள மூன்று விரல்களை நெடுக்காக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியவில்லை என்றால் உடனே பல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

டாக்டர் கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அப்பா பக்கத்தில் நிற்கும்போது பதினாறு வயதுப் பையனிடம், “பாக்கு கீக்கு போடுவியா?” என்றால் இல்லை என்றுதான் சொல்வான். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மருமகளிடம் புகையிலை பற்றிக் கேட்டாலும் அதே பதில்தான். துணைக்கு வந்தவரை எக்ஸ்ரே எடுக்கும் சாக்கில் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, “பல்லு வலிக்குன்னு நெறயப் பேரு பொயல வைப்பாங்க, நீங்களும் வச்சுப் பாத்தீங்களாம்மா?” என்று குற்றம் சாட்டாமல் கேட்டால் உண்மை வரும். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணை அன்றைக்கே சோதனைக்கு அனுப்பலாம்.

இப்படி விசாரித்துச் சிகிச்சை செய்யப் புதிய மெஷின் எதுவும் வேண்டாம். காத்திருக்கும் அறையில் பயத்தை அளக்கும் அந்த ஐந்து கேள்விகளை அரைத்தாளில் அச்சடித்துக் கொடுக்கலாம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு உதவியாளர் வாசித்துக் காட்டலாம். ஊசிக் கேள்விக்கு 5 போட்டவருக்கு ஈறில் மரப்பு ஜெல்லைத் தடவி, அது வேலை செய்யும் வரை காத்திருந்து, மருந்தை மெதுவாக ஏற்ற வேண்டும். குடையும் சத்தத்துக்கு 5 போட்டவரிடம், “வலிச்சா இடது கையத் தூக்குங்க, உடனே நிறுத்திருவேன்” என்று சொல்லி, தூக்கியதும் நிறுத்த வேண்டும். கூலி போகிறது என்பவருக்குத் தறி முடிந்த பிறகான சிகிச்சை நேரத்தையும் மொத்தச் செலவையும் முதல் நாளே சீட்டில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும்.